ஜிப்சம் சீலிங்கில் புரொஜெக்டர் மாட்டுவது பற்றி

வணக்கம். 4 கிலோ புரொஜெக்டரை ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கிலேயே திருகி மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பலகை தன் எடையைத் தாங்கத்தான் இருக்கிறது. முதல் நாள் நிற்கும். நாளாக ஆகத் திருகு பிடி தளரும். கீழே ஆட்கள் உட்காரும் இடம் வேறு. பலகையில் குழாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்து, அதிலிருந்து இரும்புக் குழாயை இறக்குங்கள். எடை முழுவதும் தளத்துக்குப் போய்விடும்.

துளை போடும் முன் தூரத்தைக் கணக்கிடுங்கள். நீங்கள் சொன்ன 100 அங்குலத் திரை (மூலைக்கு மூலை அளவு) 16:9 வடிவம் என்றால், அதன் அகலம் சுமார் 221 செ.மீ. உங்கள் புரொஜெக்டரின் த்ரோ ரேஷியோ (திரைக்கு உள்ள தூரம் படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 1.5 என்றால், லென்ஸிலிருந்து திரைக்கு 332 செ.மீ. வேண்டும். குழாயின் நீளத்தையும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். பல மாடல்களில், தலைகீழாக மாட்டும்போது லென்ஸ் திரையின் மேல் விளிம்பை ஒட்டிய உயரத்தில் இருக்க வேண்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். கீஸ்டோன் (கோணலாக விழும் படத்தைச் செவ்வகமாக்கும் வசதி) வைத்துச் சரிசெய்து கொள்ளலாம் என்று விட்டால் படத்தின் கூர்மை போய்விடும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

அப்புறம், புரொஜெக்டரின் அடியில் போகும் திருகுகளின் நீளத்தையும் கையேட்டில் பாருங்கள். நீளம் கூடினால் உள்ளே இருக்கும் பாகத்தில் இடிக்கும். மாட்டியதும் மெனுவில் சீலிங் மோடைத் தேர்ந்தெடுங்கள், படம் நேராகிவிடும்.