வாடாமல்லி நிறத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

புதுச்சேரியிலிருந்து வாடாமல்லி கலர் பட்டுப் புடவையை 'பிங்க்' என்று குறிப்பிட்டு லண்டனுக்கு அனுப்பினேன், நிறம் வேறு என்று திரும்பி வந்துவிட்டது என எழுதியிருந்தீர்கள். படித்ததும் வருத்தமாக இருந்தது.

'மெஜந்தா' என்றே போடுங்கள். 1859-இல் இத்தாலியில் மெஜந்தா ஊரில் நடந்த போரின் பெயர்தான் அப்போது புதிதாக வந்த சாயத்துக்கு அமைந்தது. துணி வாங்குகிற எவருக்கும் அது பழகிய சொல். 'ஃபூஷியா'வும் பொருந்தும், ஆனால் பலர் அதை இன்னும் பிங்க் பக்கமாக நினைப்பார்கள். 'மாவ்' வேண்டவே வேண்டாம். அது வெளிறிய, சாம்பல் கலந்த ஊதா.

பெயரோடு ஒரு விளக்கமும் சேருங்கள். ஆங்கிலத்தில் கடைசிச் சொல்தான் முதன்மை நிறம். 'பிங்கிஷ் பர்ப்பிள்' என்றால் ஊதா தூக்கல், 'பர்ப்பிளிஷ் பிங்க்' என்றால் ரோஸ் தூக்கல். புடவையைப் பகல் வெளிச்சத்தில், நிழலில் விரித்துப் பார்த்து எது என்று முடிவு செய்யுங்கள். டியூப்லைட்டை நம்பாதீர்கள். 'வயலெட்' என்று மட்டும் எழுதினால் நீலம் ஓங்கிய நிறத்தை எதிர்பார்ப்பார்கள்.

பாவு (நீள இழை) ரோஸ், ஊடை (குறுக்கு இழை) ஊதா என்றிருந்தால் 'ஷாட் சில்க்' என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள், மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுமே! வாடாமல்லிப் பூ அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். நம் பிரெஞ்சுத் தெருச் சுவர்களில் படரும் காகிதப்பூவை 'பூகன்வில்லியா' என்றால் புரிந்துகொள்வார்கள். ஆக, 'டீப் மெஜந்தா, எ பிங்கிஷ் பர்ப்பிள், லைக் பூகன்வில்லியா' என்று எழுதி, பகலில் எடுத்த படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.