விரிசலுக்கு எந்த டப்பா நல்லது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கோவில்பட்டி பக்கம் சொந்த வீடு, கட்டி 4 வருஷம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். கோடையில் வாய் திறக்கிறது, ஐப்பசி மழைக்கு அப்புறம் தானாக மூடிக்கொள்கிறது. எந்த கம்பெனி கிராக் ஃபில்லர் நல்லது?

பதில்: எதுவும் இல்லை. அந்த டப்பாக்களில் ஒன்று என் வீட்டுப் பரணிலும் கல்லாகிக் கிடக்கிறது. ‘10 வருஷ கேரண்டி’ என்ற எழுத்து மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

உங்கள் கோளாறு சுவரில் இல்லை, கீழே கரிசலில். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வீட்டுக்கு நடுவே உள்ள மண்ணில் ஈரம் அவ்வளவாக மாறாது. ஓரத்து மண்தான் ஏறி இறங்கும். அதோடு அஸ்திவாரமும் அசைய, சுவர் தன் பலவீனமான இடத்தில், அதாவது ஜன்னல், கதவு மூலையில், கிழிகிறது.

விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் அசைவு இன்னும் நிற்கவில்லை. அப்புறம் வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது? பெரும்பாலும் சுவரடியிலேயே. துணி துவைக்கிற கல், பாத்ரூம் குழாய், கசிகிற சம்ப் எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள், வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாக சிமெண்ட் தளம் போடுங்கள். அசைவு அடங்கினால் பூசலாம். அடங்கவில்லையா, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பழைய ஆத்திரம் ஒன்று உண்டு. எலிவேஷனுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் லட்சம் லட்சமாகக் கொடுக்கிறவர்கள், சாயில் டெஸ்ட் என்றால் மட்டும் “மேஸ்திரி மண்ணைப் பார்த்தே சொல்லிடுவார் சார்” என்கிறார்கள். மேஸ்திரி பார்ப்பது கடக்கால் தோண்டிய குழியைத்தான். அதற்கும் கீழே உள்ள மண் எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு உப்பும் என்பதைத் துளையிட்டு மண் எடுத்துச் சோதித்துத்தான் சொல்ல முடியும். கரிசலுக்கென்றே அண்டர்-ரீம்டு பைல் இருக்கிறது, ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அடியில் குமிழாக விரிந்த கான்கிரீட் தூண், ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைத் தாண்டி ஊன்றி நிற்கும். புது முறை ஒன்றும் இல்லை. கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

கேள்வி: அக்னி மூலைச் சுவரில் மட்டும் விரிசல். வாஸ்து தோஷமா?

பதில்: அந்த மூலையில் சம்ப்போ செப்டிக் டேங்க்கோ இருந்தால் கசிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சென்னைப் புறநகரில் புது அபார்ட்மெண்ட், தரைத்தளம். குடிவந்து 3 வருஷம். தரை ஒரு பக்கம் இறங்கி, பாத்ரூம் கதவைச் சாத்தவே முடியவில்லை. பில்டர் “ஹேர்லைன் கிராக்தான், எல்லா வீட்டிலும் வரும்” என்கிறார்.

பதில்: பூச்சில் முடி மாதிரி ஓடும் கோடு எல்லா வீட்டிலும் வரும், சரி. கதவு நிலை கோணலாவது அந்தக் கணக்கில் சேராது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையை நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். போட்டோவும் இன்ஜினியர் அறிக்கையும் வைத்துத் தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அசையவில்லை என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுங்கள். இன்னும் காலம் இருக்கிறது, தைரியமாகக் கேளுங்கள்.

கேள்வி: விலை குறைவு என்று ஒரு மனை வாங்கிவிட்டேன். பழைய ஏரி என்கிறார்கள் இப்போது. கடக்காலை ஆழமாகப் போட்டால் போதுமா?

பதில்: பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்த சர்வே எண்ணுக்கு வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏரி என்றே இருந்தால் முதலில் வக்கீல், இன்ஜினியர் எல்லாம் அப்புறம். பட்டா நிலம்தான், பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கியது என்றால், கொட்டிய மண் வருஷக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். அஸ்திவாரம் அதைத் தாண்டி அசல் மண்ணில் உட்கார வேண்டும். எத்தனை அடி என்று சாயில் டெஸ்ட்தான் சொல்லும், புரோக்கர் இல்லை.

கேள்வி: களிமண் தரை. சுவரிலிருந்து 4 அடியில் பெரிய வேப்ப மரம். வெட்டிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மரம் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்குவது உண்மை. ஆனால் வளர்ந்த மரத்தைத் திடீரென்று வெட்டினால் அதே மண் ஈரம் சேர்ந்து உப்பி வீட்டைத் தூக்கலாம். இன்ஜினியரைக் கேட்டுவிட்டு கோடாரியை எடுங்கள்.

கேள்வி: அஸ்திவாரத்துக்கு ‘கெமிக்கல் ஊசி’ போடுவதாகச் சொல்லி, தனியாக இருக்கும் அம்மாவிடம் 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார்கள். சுவரடியில் நாலு ஓட்டை போட்டதோடு சரி, போனை எடுப்பதில்லை. அம்மா தன்னையே திட்டிக்கொள்கிறார்.

பதில்: திட்டு வாங்க வேண்டியது அவர் இல்லை. வீடு விழுந்துவிடும் என்று பயமுறுத்தினால் யார்தான் பணம் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்? ஜிபே ஸ்கிரீன்ஷாட், விசிட்டிங் கார்டு, துண்டுச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். பலன் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே வாதாடலாம். ஓட்டைகளை அளவு நாடா வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, மழைக்கு முன்னால் கொத்தனாரை வைத்து அடைத்துவிடுங்கள். அந்தக் கூலிக்கும் ரசீது வாங்குங்கள், நஷ்டக் கணக்கில் சேர்க்கலாம்.