சேலைக்குப் பூப் போட ஒரு படிப்பா? பர்கூர்த் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் கிருஷ்ணகிரியில் மகளோடு என்னைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டீர்கள்: "சேலைக்குப் பூப் போடுவதற்கும் ஒரு படிப்பா?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. பர்கூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறீர்கள். நாளெல்லாம் சேலையை விரித்துக் காட்டுகிறீர்கள். வாடிக்கையாளர் கை துணியைத் தொடுவதற்கு முன்பே அவர் கண் எதில் போய் நிற்கிறது? அந்தப் பூவில்தான். அதை எங்கோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், ஐயா. துணிக்கு வடிவம் வரையும் அந்த ஒருவராக வேண்டும் என்றுதான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள்.

அவளுடைய இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் 'கிறுக்கல்' என்று மூடிவிட்டீர்கள். நான் திறந்து பார்த்தேன். ஒரு மாங்கிளை, நான்கு கிளிமூக்கு மாங்காய், ஒன்றைக் கொத்தும் கிளி. தாள் முடிந்துவிட்டதால் வலது ஓரத்தில் கிளியின் வால் பாதியில் நின்றிருந்தது. இடது ஓரத்தில், அதே உயரத்தில், மீதி வால் தொடங்கியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "இதே மாதிரி இன்னொரு தாளைப் பக்கத்தில் வைத்தால் வால் சேர்ந்துவிடும்" என்றாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தொழிலில் இதற்கு ரிப்பீட் என்று பெயர். ஒரு கட்டத்தை வரைந்து அதையே மேலும் கீழும் பக்கத்திலும் அடுக்கிக்கொண்டே போனால், ஐந்தரை மீட்டரிலும் ஒட்டு தெரியக் கூடாது. பூ வரைவது பலருக்குக் கைவரும். ஒட்டு மறையும் வரை அழித்து அழித்துப் போடும் பொறுமை சிலருக்குத்தான் வரும். அது உங்கள் வீட்டு வாசலிலிருந்தே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மார்கழிக் கோலத்துக்கு வீட்டில் அம்மா வைக்கும் நேர்ப்புள்ளியும் இடைப்புள்ளியும் என்ன? நேர்ப்புள்ளியில் வரிசைக்கு நேர்கீழே வரிசை. இடைப்புள்ளியில் அடுத்த வரிசை பாதி தள்ளி விழும். அச்சுச் சேலைகளில் பூக்கள் அடுக்கப்படுவதும் இந்தக் கணக்கில்தான்.

"தினமும் பூ, கொடி என்றே வரைந்தால் சலித்துவிடாதா?" என்று உங்கள் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. சலிக்கும். வாங்குபவர் அரக்கு வேண்டாம், மயில்கழுத்து போடுங்கள் என்பார். மறுநாள் அரக்கே இருக்கட்டும் என்பார். சேலையில் வரைந்தவர் பெயரும் வராது. பாராட்டை எதிர்பார்த்து வருபவர்கள் இந்த வேலையில் சீக்கிரம் வாடிவிடுகிறார்கள். அறுபட்ட வால் மறுபக்கத்தில் பொருந்தும் நொடியில் மகிழ்பவர்கள் நிலைக்கிறார்கள். அவள் முகத்தில் அந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வரையப் பொருளுக்கும் பஞ்சமில்லை. இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்றொருவர் இருந்தார். அவர் வீட்டுத் தோட்டத்தில் பறவைகள் ஸ்ட்ராபெரிப் பழங்களைத் திருடித் தின்றன. அந்தத் திருட்டையே அவர் துணி வடிவமாக்கினார். 1883இல் அவுரி நீலத்தில் அச்சான அந்த வடிவம் இன்றும் விற்பனையாகிறது. நம் மாவட்டத்து மாந்தோப்புகளில் கிளி கொத்தாத மரம் உண்டா? சேலை முந்தியில் காலங்காலமாக வரும் மாங்காய் நம் ஊர்க் காய்தானே. உங்கள் ஊருக்கு அருகிலேயே மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை வண்ணத்தில் தீட்டிய குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை நோட்டும் பென்சிலுமாக அங்கே கூட்டிப் போங்கள்.

தறிக்கு வரைவது இன்னும் கறாரான வேலை. கிராஃப் தாளில் ஒரு சதுரம் என்பது நெடுக்கே ஓடும் ஒரு பாவு இழையும் குறுக்கே ஓடும் ஒரு ஊடை இழையும் சந்திக்கும் இடம். பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் 1804இல் உருவாக்கிய தறியில், துளையிட்ட அட்டைகள்தான் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று சொல்லும். நம் பக்கத்து நெசவாளர்கள் இழைகளைத் தூக்கும் கொக்கிகளை வைத்து, 120 கொக்கி, 240 கொக்கி என்று ஜக்கார்டு பெட்டியைக் கணக்கிடுவார்கள். கொக்கிக்குள் அடங்காத பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் தறியில் ஏறாது. ஒரு சதுரம் பிசகினால் அன்னத்தின் கழுத்து முறிந்து தெரியும். இப்போது இந்த வேலை பெரும்பாலும் கணினியில் நடக்கிறது, கணக்கு மாறவில்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பேட்டர்ன் என்றால் சட்டையை வெட்டுவதற்கான காகித அளவு வடிவம். அது வேறு வேலை. அதற்கும் நல்ல தேவை இருக்கிறது. உங்கள் மகள் கேட்பது துணியின் மேல் வரும் வடிவமைப்பை. விண்ணப்பத்தில் டெக்ஸ்டைல் டிசைன் என்ற பிரிவைப் பார்த்து நிரப்ப வேண்டும்.

படிப்புக்கு மூன்று வழி சொல்கிறேன். நிஃப்ட் என்ற மத்திய அரசின் ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் சென்னை, பெங்களூரு வளாகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். கட்டணம் லட்சங்களில் வரும், அதை மறைக்கவில்லை. கையைக் கடிக்காத வழி, 1850இல் தொடங்கிய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி. நெசவையே உள்ளிருந்து கற்க வேண்டுமென்றால் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மூன்றாண்டு டிப்ளமோ. அவள் இப்போதுதான் பிளஸ் டூவுக்குப் போகிறாள். நிஃப்ட் தேர்வுக்கான அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் வரும் என்பதால் நேரம் போதும்.

வருமானம் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் திருப்பூர், இளம்பிள்ளை, பெங்களூரு, சூரத் என்று இந்த வேலை நடக்கும் ஊர்கள் உங்கள் கடைக்குச் சரக்கு வரும் ஊர்கள்தாம். மற்ற தகப்பன்மார்களைவிட உங்களுக்கு ஆள் பழக்கம் அதிகம். கொள்முதலுக்குப் போகும்போது ஒருமுறை அவளையும் அழைத்துச் சென்று, வடிவம் வரைபவரிடம் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள்.

அதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை. சதுரத் தாளின் நடுவில், ஓரம் தொடாமல், கிளியையும் மாங்காயையும் வரையச் சொல்லுங்கள். தாளை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளை இடம் மாற்றி ஒட்டட்டும். நடுவே ஒரு வெற்றிடம் வரும், அதை நிரப்பட்டும். பிறகு குறுக்காக வெட்டி, அதே போல மாற்றி ஒட்டி நிரப்பட்டும். அதை நான்கு நகல் எடுத்து, உங்கள் கடைக் கட்டிலில் ஒட்டி ஒட்டி அடுக்குங்கள். ஒட்டு எங்கே தெரிகிறது என்று நீங்களே பாருங்கள். உங்கள் கண் எங்கள் கண்ணைவிடத் தேர்ந்தது. தெரிந்தால் திருத்தச் சொல்லுங்கள். மூன்றாம் முறையும் அவள் சலிக்காமல் உட்கார்ந்தால், அந்தத் தாள்களையும் இயற்பியல் நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வாருங்கள். நோட்டைப் பழைய பேப்பரில் போட்டுவிட வேண்டாம், ஐயா.