செயின்ட் பேட்ரிக் நாள் சாப்பாடு: கேளுங்கள், சொல்கிறேன்

அயர்லாந்தின் காவல் புனிதர் பேட்ரிக்கின் நாளான மார்ச் 17 நெருங்குகிறது. அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஒரு ஓட்டல் அடுப்படியில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். அன்றைக்கு இங்கே என்ன சமைப்பார்கள், என்ன குடிப்பார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன். ஊர்வலம் எத்தனை மணிக்கு, விசா எப்படி என்பதெல்லாம் என் பாடு இல்லை.

லிமரிக் புதுவரவு: அக்கா, போன வருடம் பேக்கனும் முட்டைக்கோஸும் செய்தேன். வாயில் வைக்க முடியாத உப்பு. எங்கே தப்பு?

கடையிலிருந்து வரும்போதே அது உப்புநீரில் ஊறிய பன்றிக்கறி. காலையில் வறுக்கிற மெல்லிய ரேஷர் வேறு, இது வேறு. இதற்கு முதுகுப் பக்கத்து முழுத் துண்டு வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை ஒட்டிய துண்டு. முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறந்து போனால் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதி வந்ததும் வெள்ளையாக நுரை கட்டும். அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குப் பிறகு தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் சின்னக் குமிழி வந்தால் போதும். 450 கிராமுக்கு 20 நிமிடம், மொத்தத்துக்கும் சேர்த்து இன்னொரு 20 நிமிடம். ஒன்றரைக் கிலோ துண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

முட்டைக்கோஸ் கரும்பச்சை இலை உள்ளதாக இருக்கட்டும். சவாய் நல்லது. நடுத்தண்டை நீக்கி விரல் அகலத்துக்கு நறுக்கி, அதே பேக்கன் தண்ணீரில் கடைசிப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். பழைய ஆட்கள் முக்கால் மணி நேரம் கூட வேகவைப்பார்கள். அந்த வாசனை மாடிப்படி வரைக்கும் வரும், எனக்கு ஆகாது. உருளைக்கிழங்கைத் தோலோடு தனியாக அவிக்க வேண்டும். ரூஸ்டர், கெர்ஸ் பிங்க் மாதிரி மாவாக உதிரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெந்தால் தோல் தானே வெடிக்கும்.

மேலே ஊற்ற பார்ஸ்லி சாஸ். 30 கிராம் வெண்ணெயில் 30 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போகப் பிரட்டி, 300 மில்லி பாலும் 100 மில்லி பேக்கன் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி விழாமல் கிளறுங்கள். இறக்கும்போது அரை ஸ்பூன் கடுகு விழுதும் கைநிறைய பார்ஸ்லியும். இதில் எந்தக் கட்டத்திலும் உப்பு போடாதீர்கள். நம் கை தானாக உப்பு டப்பாவுக்குப் போகும். டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுச் சமைக்க ஆரம்பியுங்கள்.

சைவப்பட்சிணி: நாங்கள் கறி சாப்பிடுவதில்லை. எங்களுக்கு ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. சாம்ப் என்பது வெங்காயத்தாளைப் பாலில் வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் கலப்பது. வட பகுதியில் அதிகம் செய்வார்கள். நடுவில் குழி பறித்து வெண்ணெய் போட்டு, ஓரத்திலிருந்து எடுத்து வெண்ணெயில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கோல்கானன் என்றால் வெங்காயத்தாளுக்குப் பதில் கேல் கீரை அல்லது முட்டைக்கோஸ். அது உண்மையில் ஹாலோவீன் பலகாரம், அன்றைக்கு உள்ளே மோதிரம் கூட ஒளித்து வைப்பார்கள். இப்போது மார்ச்சிலும் செய்கிறார்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். லீட்ரிம், கேவன் பக்கம் போனால் பாக்ஸ்டி கிடைக்கும். துருவிய பச்சை உருளைக்கிழங்கையும் மசித்ததையும் மாவில் கலந்து கல்லில் வார்ப்பது. தோசைக்கல்லில் பிரமாதமாக வரும்.

பாஸ்டன்காரன்: கார்ன்ட் பீஃப் செய்முறை சொல்லுங்கள். பேட்ரிக் நாள் என்றாலே அதுதானே?

உப்பில் ஊறிய மாட்டிறைச்சிதானே? அமெரிக்காவில் அதுதான். இங்கே வீடுகளில் அன்றைக்கு பேக்கனோ ஆட்டுக்கறியோதான். செய்முறைக்கு அமெரிக்கச் சமையல்காரர்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சென்னை அடுப்பு: மேடம், எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. சோடா ரொட்டி செய்ய முடியுமா? மோர் என்றால் நம்ம மோரா?

முடியும். அந்த ரொட்டி பிறந்ததே ஓவன் இல்லாத வீடுகளில்தான். பாஸ்டிபிள் என்று மூன்று கால் வைத்த இரும்புச் சட்டி. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிக்கிற மண்ணின் தணலில் அதை வைத்து, மூடி மேலும் தணலைப் பரப்புவார்கள். நீங்கள் கனமான இரும்புச் சட்டியை மூடியோடு நன்றாகச் சூடாக்கி, தீயைக் குறைத்து, அரை மணி கழித்து ரொட்டியைத் திருப்பிப் போட்டு இன்னொரு பத்து நிமிடம் வையுங்கள். மேல் தோல் ஓவனில் வருகிற மாதிரி முறுகாது, ருசி குறையாது.

மாவு 450 கிராம், சமையல் சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், மோர் 350 முதல் 400 மில்லி. அவ்வளவுதான். அயர்லாந்து கோதுமையில் பசைத்தன்மை குறைவு, ஈஸ்ட் போட்டு உப்பவைக்க அது தோதுப்படாது. 19-ஆம் நூற்றாண்டில் சோடா கைக்கு வந்ததும் வீடு வீடாகப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் ஊர் மைதா சரியாகவே வரும், பாதிக்குப் பாதி கோதுமை மாவும் போடலாம். மோர் புளித்திருக்க வேண்டும், ஆனால் சாப்பாட்டுக்குக் கரைப்பது போல் நீர்க்கக் கூடாது. இரண்டு பங்கு புளித்த தயிருக்கு ஒரு பங்கு தண்ணீர். புளிப்பும் சோடாவும் சேர்ந்த நொடியே பொங்க ஆரம்பித்துவிடும், அதனால் சட்டி முதலில் சூடாக இருக்க வேண்டும், மாவு பிறகு. பிசையவே பிசையாதீர்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் செங்கல்தான் வரும். விரலை விரித்து ஒரு சுற்று சுற்றிச் சேர்த்து, வட்டமாகத் தட்டி, மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல். அடியைத் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்க வேண்டும். ஓவன் இருப்பவர்கள் 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200-இல் 25 முதல் 30 நிமிடம்.

இனிப்புப் பிரியை: அதில் திராட்சை, சர்க்கரை போடலாமா?

போடலாம். அது டீ கேக், வேறு சங்கதி.

மாமியார் மெச்சிய மருமகள்: கின்னஸில் இரும்புச்சத்து, பிரசவித்தவர்களுக்கு நல்லது என்கிறார்களே?

1929-இல் தொடங்கிய விளம்பரத்தின் பேச்சு இன்னும் ஓடுகிறது! அந்தக் கறுப்பு பீரில் இரும்பு பெயரளவுக்குத்தான். பிரசவித்தவர்கள் டாக்டரைக் கேளுங்கள், என்னை வேண்டாம்.

பிராங்க்பர்ட் சேகர்: கார்ன்ட் பீஃப் அளவு ப்ளீஸ்.

மேலே பாஸ்டன்காரனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பாஸ்டன்காரன்: நீங்கள் சொன்னது சரியில்லை. கார்க் துறைமுகமே உப்பிட்ட மாட்டிறைச்சியை ஏற்றுமதி செய்து வளர்ந்ததுதானே? அதே ஊரில் இருந்துகொண்டு அது அயர்லாந்துச் சாப்பாடு இல்லை என்றால் எப்படி?

நல்ல கேள்வி, வாருங்கள். 1660-களில் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது: அயர்லாந்து மாட்டை உயிரோடு கொண்டுவரக் கூடாது. சரி, வெட்டி உப்பிட்டுப் பீப்பாயில் அடைப்போம் என்று கார்க் இறங்கியது. அடுத்த நூறு நூற்றைம்பது வருடம் பிரிட்டிஷ் கடற்படைக்கும் கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்கும் இங்கிருந்துதான் பீப்பாய் போனது. ஆனால் வெட்டியவனும் உப்பிட்டவனும் அதைச் சாப்பிட்டானா? அவன் வீட்டில் மாடு என்றால் பாலும் வெண்ணெயும். வருடத்துக்கு ஒரு பன்றி வளர்ப்பான், பல சமயம் அதுவும் வாடகை கட்டப் போய்விடும். மீதி உருளைக்கிழங்குதான். 1845-இல் அந்தக் கிழங்கில் நோய் விழுந்தபோது சாப்பிட வேறொன்றும் இல்லாமல் போனது அதனால்தான். பஞ்சத்துக்குத் தப்பி நியூயார்க் போனவர்களுக்கு அங்கே பன்றியைவிட மாட்டிறைச்சி மலிவு. யூதக் கசாப்புக் கடைகளில் உப்பிட்ட நெஞ்சுக்கறி கிடைத்தது, ஊரில் பேக்கனை வேகவைத்த அதே கையால் அதை முட்டைக்கோஸோடு வேகவைத்தார்கள்.

கால்வே மாமா: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கார்க் இங்கிலிஷ் மார்க்கெட்டில் இன்றைக்கும் கார்ன்ட் பீஃப் விற்கிறது. நானே பார்த்தேன்.

விற்கிறது மாமா, நானும் வாங்குகிறேன். 1788-இல் திறந்த சந்தை, அதன் பேர் போன மசாலா மாட்டிறைச்சி கிறிஸ்துமஸுக்கு. கார்க்கில் கார்ன்ட் பீஃப் கிடையாது என்று நான் சொல்லவே இல்லை. பேட்ரிக் நாளின் அடையாளமாக அதை ஆக்கியது அமெரிக்காதான் என்கிறேன்.

பாஸ்டன்காரன்: என் பக்கத்து வீட்டுக் குடும்பம் நாலு தலைமுறையாக மார்ச் 17-க்கு அதைத்தான் சமைக்கிறது. அவர்கள் செய்வது போலியா? கரீபியனில் உள்ள மொன்செராட் தீவில் அதே நாளில் ஆட்டுக்கறி. அதையும் இல்லை என்பீர்களா?

போலி என்று யார் சொன்னது? பசியோடு போனவர்களுக்கு வாய்த்த முதல் நல்ல கறி அது. நாலு தலைமுறை சமைத்தால் அது அவர்கள் சாப்பாடு, அங்கே பந்தியில் உட்கார்ந்தால் நானும் இரண்டாம் தடவை கேட்பேன். இங்கே வந்து ஓட்டலில் உட்கார்ந்து, அது மெனுவில் இல்லையே என்று பரிமாறுகிற பெண்ணிடம் சத்தம் போடுவதுதான் எனக்குப் பிடிக்காது. வருடா வருடம் ஒருவராவது போடுவார்.

மொன்செராட்டைத் தயவுசெய்து இதில் சேர்க்காதீர்கள். அங்கே 1768-இல் மார்ச் 17 அன்று அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள். முதலாளிகள் கொண்டாட்டத்தில் இருப்பார்கள் என்றுதான் அந்த நாள். அந்த முதலாளிகளில் ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். திட்டம் வெளியே தெரிந்துபோய்ப் பலரைத் தூக்கிலிட்டார்கள். அந்த நினைவுக்குத்தான் அங்கே விடுமுறை. கிராம்பு மணக்கும் ஆட்டுக்குழம்பு அந்தத் தீவின் சொந்தச் சமையல்.

மழைக்காதலி: ஐரிஷ் ஸ்ட்யூவில் கேரட் உண்டா இல்லையா?

ஐயோ, இன்னொரு சண்டை வேண்டாம். ஆட்டுக் கழுத்துக்கறி, வெங்காயம், உருளைக்கிழங்கு, தண்ணீர், தைம். கேரட் போடுகிற வீடும் உண்டு, போட்டால் முகம் சுளிக்கிற வீடும் உண்டு. நான் போடுவேன். கிழங்கில் பாதியை மெல்லிசாக அடியில் அடுக்கினால் கரைந்து தானே கெட்டியாகும், மாவு வேண்டாம். கின்னஸ் ஊற்றுவது மாட்டுக்கறி ஸ்ட்யூவுக்கு.

டப்ளின் ஐடி: ஆபீஸ் நண்பர்கள் பப்புக்குக் கூப்பிடுகிறார்கள். நான் குடிப்பதில்லை. போனால் என்ன செய்வது?

தாராளமாகப் போங்கள். ஆல்கஹால் இல்லாத 0.0 கின்னஸ் 2021 முதல் இருக்கிறது, இல்லாவிட்டால் ஆரஞ்சு சோடா. ஆனால் இங்கே 'ரவுண்டு' வழக்கம். ஒருவர் உங்களுக்கும் சேர்த்து வாங்கினால் அடுத்த முறை நீங்கள் அத்தனை பேருக்கும் வாங்க வேண்டும். நழுவினால் வருடம் முழுக்கப் பேசுவார்கள். 'எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று முதல் ரவுண்டிலேயே சொல்லிவிடலாம். குடிக்கிறவர்கள் கின்னஸ் முக்கால் கிளாஸில் நிற்கும்போது கையை நீட்டாதீர்கள். நுரை அடங்கிய பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். அது நைட்ரஜன் செய்கிற வேலை, 1959-இல் வந்த முறை.

இரண்டு எச்சரிக்கை. கார் வெடிகுண்டு என்று பேர் வைத்த ஒரு அமெரிக்கக் கலவை இருக்கிறது, இங்கே அதைக் கேட்காதீர்கள். வெடிகுண்டில் சொந்தங்களை இழந்தவர்கள் பக்கத்து மேசையில் இருக்கலாம். அடுத்தது, மறுநாள் காலையில் காரை எடுக்க வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, எல்-போர்டுக்காரர்களுக்கும் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கும் 20. தூங்கி எழுந்தாலே இறங்கிவிடாது.

கதை கேட்பவர்: ஒரு காலத்தில் அன்றைக்கு பப்பே மூடியிருக்குமாமே?

ஆமாம். 1927 சட்டம் மூடியது, 1960 சட்டம் வரும் வரை அப்படித்தான். டப்ளினில் நடந்த நாய்க் கண்காட்சி மாதிரி சில இடங்களில் மட்டும் சட்டப்படி ஊற்றலாம். அன்றைக்கு எத்தனை பேருக்கு நாய்மேல் திடீர்ப் பாசம் வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். லென்ட் நோன்புக் காலத்தின் நடுவில் விழுகிற நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் நோன்பில் விலக்கு எடுத்துக்கொள்வதும் பழைய வழக்கம்.

பச்சை அம்மா: பள்ளியில் குழந்தைக்குப் பச்சை நிறச் சாப்பாடு கேட்கிறார்கள். பச்சை கலர் எங்கே கிடைக்கும்?

கலர் வேண்டாம். கேல் நிறையப் போட்ட கோல்கானன் கொடுத்து அனுப்புங்கள்.

நைட் ஷிப்ட்: ஐரிஷ் காபியில் கிரீம் கீழே போய்விடுகிறது.

சர்க்கரை போட்டீர்களா? சர்க்கரை கரைந்த காபி கனமாக இருக்கும், அதன் மேல்தான் கிரீம் நிற்கும். கிரீமை லேசாக மட்டும் அடித்து, ஸ்பூனின் முதுகில் வழியவிடுங்கள். 1943-இல் ஃபாய்ன்ஸ் கடல்விமானத் தளத்தில் குளிரில் வந்த பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் காபியில் விஸ்கி கலந்து தந்தது இது. டப்பாவிலிருந்து பீய்ச்சும் கிரீம் போடுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

அட்லாண்டா அருள்: கார்ன்ட் பீஃப் ரெசிபி உண்டா?

இல்லை.

மிச்சம் மீதி: மறுநாள் மிஞ்சிய பேக்கன், கிழங்கு, முட்டைக்கோஸ் என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, பேக்கன் கொழுப்பில் அடி முறுகும் வரை கிளறாமல் விட்டு வறுங்கள். மேலே ஒரு முட்டை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், உடைத்த பட்டாணி போட்டால் அருமையான சூப். அதற்கும் உப்பு வேண்டாம். என் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, மிச்சக் கேள்விகளை இரவு வந்து பார்க்கிறேன். மாட்டிறைச்சி பற்றியது மட்டும் பாஸ்டன்காரனிடம் போகட்டும், மனுஷன் ஆர்வமாக இருக்கிறார்.