ஸ்பானிஷ் கிட்டார்: எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள சார்,

எப்போதோ ஒரு கட்டுரையில் போகிற போக்கில் ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் பாக்கோ டி லூசியா பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு தேடப் போனேன். கிடைத்ததெல்லாம் 'மனதை அமைதிப்படுத்தும் ஸ்பானிஷ் கிட்டார், மூன்று மணி நேரம்' வகைத் தொகுப்புகள். முதல் நாள் நன்றாக இருந்தது, ஒரு வாரத்தில் எல்லாம் ஒரே மாதிரி கேட்க ஆரம்பித்துவிட்டது. நண்பர் ஒருவர் 'ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ' கேட்கச் சொன்னார். அசந்துபோனேன், ஆனால் வீட்டில் போட்டால் பத்து நிமிஷத்தில் மனைவி நிறுத்தச் சொல்லிவிடுகிறார். கிளாசிக்கல், ஸ்பானிஷ், ஃபிளமெங்கோ என்கிறார்களே, இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? வீட்டில் உட்கார்ந்து கேட்க எதையெல்லாம் சொல்வீர்கள்? நல்ல ஸ்பீக்கர் வாங்க வேண்டுமா? கர்நாடக சங்கீதத்தில் கொஞ்சம் கேள்வி ஞானம் உண்டு, அவ்வளவுதான்.

ஒரு வாசகர், ஈரோடு
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி பக்கம்தான் நான். அந்த ஆல்பம் 1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்ட் அரங்கில் பதிவானது (எல்லாமே அந்த ஒரே இரவில் வாசித்தவை அல்ல, ஆனால் பெரும்பகுதி அதுதான்). கூட்டம் கத்துகிறது, விசிலடிக்கிறது, மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் விரட்டுகிறார்கள். இயர்போனில் கேட்டால் இடது காதில் பாக்கோ, வலதில் அல் டி மியோலா, நடுவில் ஜான் மெக்லாஃப்லின், அதாவது நம் விக்கு விநாயக்ராமோடு சக்தி குழுவில் வாசித்த அதே மெக்லாஃப்லின். அரங்கில் இருந்திருந்தால் நானும் விசிலடித்திருப்பேன். ஆனால் அது பந்தயம். பந்தயத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் ஓடவிட முடியாது, தவிர பாக்கோ யார் என்பதும் அதில் பாதிதான் தெரியும்.

மூன்று மணி நேரத் தொகுப்புகளை இன்றோடு விட்டுவிடுங்கள். வாசிப்பவர் பெயர் இருக்காது, எல்லாம் ஒரே வேகம், எல்லாவற்றின் மேலும் ஒரே எதிரொலியைப் பூசியிருப்பார்கள். ஒரே ஆளின் ஒரு முழு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அதிலேயே இருங்கள். நான் சொல்லப்போவதும் நாலைந்துதான்.

வித்தியாசம் கேட்டீர்கள். கிளாசிக்கல் என்பது எழுதி வைத்ததை வாசிப்பது. ஃபிளமெங்கோ பாடகருக்கும் ஆடுபவருக்கும் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தது, காதால் கற்றது. இரண்டும் பார்வைக்கு ஒரே கிட்டார், நைலான் தந்திதான், ஆனால் ஃபிளமெங்கோ கிட்டாரின் உடம்பு பெரும்பாலும் லேசான சைப்ரஸ் மரம், தந்திகள் விரல்பலகைக்கு நெருக்கமாக இறங்கியிருக்கும், அதனால் வேகமாக வாசிக்கும்போது லேசாக 'சர்'ரென்று உரசும். மேல்பலகையில் விரலால் தட்டுவதற்கென்றே ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். உரசலும் தட்டலும் பதிவின் குறை இல்லை, வாசிப்பில் சேர்த்தி. ஸ்பானிஷ் என்பது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள திண்ணை. ஸ்பானிஷ் இசையமைப்பாளர் அல்பேனிஸ் கிட்டாரை மனதில் வைத்துப் பியானோவுக்கு எழுதினார், கிட்டார்காரர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 'அஸ்தூரியாஸ்' அப்படி வந்ததுதான், இன்று அதைப் பியானோவில் கேட்டால் யாரோ கிட்டாரைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது!

முதலில் கிளாசிக்கல் கிட்டார்காரர் ஜான் வில்லியம்ஸ் (சினிமா இசையமைப்பாளர் அல்ல) 1977இல் வெளியிட்ட பாரியோஸ் ஆல்பம். அகுஸ்தீன் பாரியோஸ் பராகுவேக்காரர், ஸ்பெயின்காரர் அல்ல, 1944இல் எல் சால்வடாரில் இறந்தவர். அவர் கடைசியாக எழுதியது 'கடவுள் பெயரால் ஒரு பிச்சை' என்று பொருள்படும் தலைப்புள்ள சின்ன உருப்படி. யாரோ கதவைத் தட்டிப் பிச்சை கேட்டதிலிருந்து பிறந்தது என்பார்கள். கீழ்த் தந்திகளில், அதாவது கனத்த சுருதித் தந்திகளில், அந்தத் தட்டல் வரும். மேலே நிற்காமல் ஓடுகிற சுரத்துக்கு ட்ரெமலோ என்று பெயர்: கட்டைவிரல் கீழ்த் தந்தியை ஒரு முறை மீட்ட, மோதிர விரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் வரிசையாக ஒரே மேல் தந்தியை மீட்டும். கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். ஃபிளமெங்கோவில் மேல் தந்திக்கு மூன்றுக்குப் பதில் நான்கு அடி, விரல் வரிசையும் வேறு. தாரேகாவின் 'அல்ஹாம்ப்ரா நினைவுகள்' கேட்டுவிட்டு ஏதாவது ஒரு ஃபிளமெங்கோ ட்ரெமலோ கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுவீர்கள்.

அடுத்தது ஜூலியன் ப்ரீம். வில்லியம்ஸ் தவறே செய்யாத ஆள், சில நாள் அதுவே அலுக்கும். ப்ரீம் ஒரே தந்தியை, தந்திகளைக் கட்டியிருக்கும் பாலம் பக்கம் மீட்டித் தகரம் போலவும், துளைக்கு மேலே மீட்டித் தேன் போலவும் ஒலிக்க வைப்பார், அதற்காக ஒரு சுரம் பிசகினால்கூடக் கவலைப்படமாட்டார். 1967இல் வந்த 'ட்வென்டியத் செஞ்சுரி கிட்டார்' ஆல்பத்தில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் அவருக்காகவே எழுதிய 'நாக்டர்னல்' இருக்கிறது. முதல் தடவை பிடி கிடைக்காது. மாறுபாடுகள் எல்லாம் முதலில் வந்துவிடும், அவற்றுக்கு மூலமான டௌலண்டின் பழைய பாட்டு கடைசியில்தான் வரும். பல்லவியைக் கடைசியில் பாடுவது மாதிரி. தூக்கத்தைக் கூப்பிடுகிற பாட்டு அது, அதற்கு முன்னால் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தூக்கமே வராத ராத்திரி. இதை ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள், இப்போது வேண்டாம்.

செகோவியா? பெரியவர். கிட்டாரைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர்களில் முதன்மையானவர், ஃபிளமெங்கோவின் தாய்மண்ணான ஆண்டலூசியாவில் பிறந்தவராக இருந்தும் மதுக்கடைக் கிட்டாரிலிருந்து அதைத் தள்ளியே வைத்தவர். அவர் 1927 முதல் 1939 வரை செய்த பதிவுகள் அருமை, ஆனால் பழைய இசைத்தட்டு இரைச்சல் பழகிய காதுக்குத்தான். பிறகு போங்கள்.

ஆர்கெஸ்ட்ராவோடு ஒன்றாவது வேண்டும் என்றால் ரோத்ரிகோவின் 'கொன்சியர்தோ டி அரான்ஹுவெஸ்', 1939இல் எழுதியது. இரண்டாம் பகுதியில் கிட்டார் வெறுமனே கார்டுகளை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பவை) தடவிக்கொண்டிருக்க, ராகத்தை முதலில் எடுப்பது இங்கிலிஷ் ஹார்ன் என்ற குழல்தான். கிட்டார் காத்திருந்து அதையே தன் பாணியில் அலங்கரித்துத் திருப்பிச் சொல்லும். நம் காதுக்கு இது உடனே பிடிபடும், பாடகர் விட்ட இடத்தில் வயலின் எடுப்பது நமக்குப் புதிதா என்ன? நார்சிஸோ யெபெஸ், ஆர்ஜென்டா நடத்திய ஆர்கெஸ்ட்ராவோடு 1950களில் செய்த பதிவு ஒன்று. பாக்கோ 1991இல் வாசித்தது இன்னொன்று. பாக்கோவுக்கு நொட்டேஷன் படிக்க வராது, மொத்தத்தையும் உழைத்து மனதில் ஏற்றினார். தொனி கொஞ்சம் முரடு, கிளாசிக்கல்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் தாளம் ஒரு இழை அசையாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

இப்போது ஃபிளமெங்கோ. இங்கே ஒரு பிடிவாதம் பிடிக்கப்போகிறேன்: குரல் இல்லாமல் ஃபிளமெங்கோ கிட்டாரைப் புரிந்துகொள்ள முடியாது. மிருதங்கத் தனியை மட்டும் கேட்டுவிட்டுக் கச்சேரியைப் பற்றிப் பேசுகிற கதை அது. பாடகர் காமரோன் டி லா ஈஸ்லாவின் 'கோமோ எல் அக்வா' (1981) கேளுங்கள், கிட்டார் பாக்கோவும் தோமாத்தீத்தோவும். காமரோன் குரல் முதலில் கரகரவென்று அடைத்த தொண்டை போல இருக்கும். இரண்டு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு வரியை இழுத்து உடைக்கும்போது கிட்டார் எங்கே ஒதுங்குகிறது, மூச்சு வாங்கும் இடத்தில் எப்படிப் பாய்ந்து வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

தாளத்துக்கு உங்கள் கேள்வி ஞானம் கைகொடுக்கும். புலேரியாஸ் என்ற வகையில் பன்னிரண்டு எண்ணிக்கை, ஆனால் சமமான அடிகள் இல்லை: 3, 3, 2, 2, 2 என்று விழும். கையில் போட்டுப் பாருங்கள், முதலில் வழுக்கும், ஒரு நாள் திடீரென்று உட்கார்ந்துவிடும். சுரங்களும் அந்நியமாக இருக்காது. பல இடங்களில் வகுளாபரணத்தின் சுரங்கள் அப்படியே வரும், அப்புறம் காந்தாரம் கீழே இறங்கித் தோடி பக்கம் ஒரு எட்டு போய்விட்டுத் திரும்பும். கமகம் இல்லாததால் ராகம் என்று சொல்ல மனம் வராது, அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு தனி கிட்டார். பழைய கை வேண்டும் என்றால் சபீகாஸின் 'ஃபிளமெங்கோ பூரோ'. பாம்ப்லோனாவில் பிறந்து, உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஸ்பெயினை விட்டுப் போய், மெக்சிகோவிலும் நியூயார்க்கிலும் வாழ்ந்தவர். ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்து வைத்தது போல விழும். அப்புறம் பாக்கோவின் 'சிரோக்கோ', 1987. ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்குவேன் என்று நீங்கள் அடம்பிடித்தால் நான் கையில் கொடுப்பது இதுதான். அதில் மகன் பெயரில் 'மி நீன்யோ குர்ரோ' என்று ஒன்று, ரொந்தேன்யா வகை. அந்த வகைக்கென்றே பழைய ஃபிளமெங்கோ கிட்டார்காரர் ரமோன் மொந்தோயா வகுத்த சுருதி சேர்ப்பு உண்டு: ஆறாவது தந்தியை ஒரு சுரம் இறக்கி, மூன்றாவதை அரைச் சுரம் இறக்குவார்கள். அதனால் மற்ற எல்லா உருப்படிகளையும்விட இது இருட்டாக, அடியில் கனமாக ஒலிக்கும். உடனே அடுத்து 'லா பர்ரோஸா' போட்டால் ஜன்னலைத் திறந்தது போல இருக்கும், அது காதிஸ் பக்கத்து ஒரு கடற்கரையின் பெயர்.

ஸ்பீக்கர் விஷயம். வாங்க வேண்டாம். சுமாரான ஹெட்ஃபோன் போதும், போன் ஸ்பீக்கர் மட்டும் கூடாது, கட்டைவிரல் வாசிக்கிற கீழ்த் தந்தி மொத்தமும் அதில் காணாமல் போய்விடும். சத்தத்தைக் குறைத்து வையுங்கள். கிட்டார் இயல்பிலேயே சின்னக் குரல், அறையில் எதிரே உட்கார்ந்து ஒருவர் வாசித்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு போதும். ஸ்பீக்கரில்தான் கேட்பேன் என்றால் மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். ஈரோட்டு வெயிலில் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஃபேன் இரைச்சல் சுரத்தின் வாலைத் தின்றுவிடுகிறது, ப்ரீமிடம் பாதி இசை அந்த வாலில்தான் இருக்கிறது. மார்கழிவரை காத்திருந்தாலும் சரி.

வீட்டில் இருவரும் சேர்ந்து கேட்பதென்றால் பாரியோஸில் தொடங்குங்கள். காமரோனை மட்டும் முதல் வாரம் ஹெட்ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே ஒரு ஆல்பம் நிறுத்தப்பட்ட வீடு.