சுகர் இருக்கிறது, அப்பா மாரடைப்பில் போனவர். நாளையிலிருந்து ஓடலாமா?

கேட்டவருக்கு 44 வயதாம். இதயத்துக்கு நல்லது என்று நாளைக் காலையிலேயே ஓட ஆரம்பிக்கப் போகிறாராம்.

வேண்டாம். முதலில் டாக்டரிடம் போய் பிரஷர், சுகர், இசிஜி பாருங்கள். அவர் சொன்னால் ட்ரெட்மில் டெஸ்டும் எடுங்கள். அப்புறம் நடையில் ஆரம்பியுங்கள். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மீதி என் கதை.

நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க்காரன். 20 வருடம் விசைப்படகில் டிரைவர், இப்போது கரையில் எஞ்சின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடல்ல கிடந்த உடம்புக்கு என்ன வந்துவிடும் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. கடைக்கு வந்த பிறகு நாளெல்லாம் நாற்காலி, வேளைக்கு இரண்டு டீ. சட்டை பட்டன் தெறிக்க ஆரம்பித்தது.

மூன்று வருடம் முன்பு, மே மாதம். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். என் மனைவியின் அண்ணன் விடியற்காலையில் வந்து, "வாங்க மாப்ள, பாம்பன் பாலத்துல ஒரு நடை போயிட்டு வருவோம்" என்றார். என்னைவிட ஏழு வயது மூத்தவர், நண்டு மாதிரி விறுவிறுவென்று போவார். அவருக்குப் பின்னால் நடக்க எனக்கு மானம் விடவில்லை.

பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போகும்போது கச்சான் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனது. பாம்பன் கரையைத் தொட்டபோது, ராமேஸ்வரம் வரைக்கும் போய்விடலாம் போல இருந்தது. திரும்பினோம். அதே காற்று இப்போது முகத்தில். பாலமோ நடுவில் உயர்ந்து கிடக்கும், அந்த ஏற்றம் வேறு. நெஞ்சுக்கு நடுவில் ஈரச் சாக்கை வைத்து அமுக்குகிற மாதிரி ஒரு பாரம், கீழ்த்தாடையில் குடைச்சல். நின்றேன், இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. ராத்திரி தின்ற பரோட்டா, வாயு என்று நினைத்து மறுபடி நடந்தேன். மறுபடி வந்தது. நடந்தால் வருவதும் நின்றால் போவதும் வாயுவின் குணம் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

உட்காரலாம் என்றால் இடமில்லை. சூரிய உதயத்தைப் படம் எடுக்க வந்த கார்கள் ஓரமெல்லாம் அடைத்து நிற்கின்றன. ஹாரன் அடித்தாலும் நகர மாட்டார்கள், செல்ஃபி முடிய வேண்டும். 1988-ல் திறந்த பாலம் இது, தீவுக்குப் போகிற ஒரே ரோடு. ஆம்புலன்ஸும் இதில்தான் வரவேண்டும். ஒருநாள் இதைப் பற்றித் தனியாகவே எழுதுகிறேன்.

கடைசியில் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்த மீன்காரத் தம்பிதான், "என்னண்ணே, இப்படி வேர்த்திருக்கு?" என்று நிறுத்தி, ஐஸ் பெட்டி மேலேயே ஏற்றிக்கொண்டு போனான். காலில் மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. நான்கு நாளில் மதுரையில், இதயக் குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட்.

'நடக்கப் போகிறவனைப் பயமுறுத்துகிறாயே' என்று யாராவது வருவீர்கள். பயமுறுத்தவில்லை ஐயா, இப்போதும் நடக்கிறேன். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்வது. அதை அரை மணி வீதம் ஐந்து நாளாகப் பிரித்துக்கொண்டேன். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, முடிக்கும்போதும் அப்படியே, சட்டென்று நிற்பதில்லை. பேச்சு வரவேண்டும், ஆனால் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுப் பாட மூச்சு மிஞ்சக்கூடாது, அதுதான் என் அளவு. 220-லிருந்து வயதைக் கழித்து, நாடி அதிகபட்சம் எவ்வளவு ஏறலாம் என்று பார்க்கிற கணக்கு எனக்கு ஒத்துவராது. நான் போடுகிற மாத்திரை துடிப்பையே குறைத்து வைத்திருக்கிறது. நீங்களும் அப்படி ஏதாவது போட்டால் டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ந்த கடற்கரை மணலில் ஆரம்பத்திலேயே இறங்காதீர்கள். ரோட்டில் நடப்பதைப்போல இரண்டு மடங்கு உழைப்பு கேட்கும். காற்று அடித்தால் முதலில் எதிர்த்து நடந்து, களைத்தபின் அதன் போக்கில் திரும்புங்கள். நம்ம பக்கம் புழுக்கத்தில் வேர்வை காயாது, உடம்பும் ஆறாது. அதனால் விடியலிலேயே முடித்துவிடுங்கள். 'கரைவலை இழுக்கிறவனுக்கு எதுக்கு வாக்கிங்' என்பவர்களுக்கு: மூச்சை அடக்கி இழுத்தால் பிரஷர் எகிறும். அம்பா பாடி இழுத்த பெருசுகள் விவரமானவர்கள், பாடுகிறவன் மூச்சை அடக்க முடியாதே.

உங்களுக்குச் சுகர் இருப்பதால் ஒன்று. சுகர்காரர்களுக்கு நெஞ்சு வலிக்காமலேயே மாரடைப்பு வரலாம். காரணமில்லாத மூச்சுவாங்கல், குளிர்ந்த வேர்வை, தலைசுற்றல் எது வந்தாலும் நில்லுங்கள். உட்கார்ந்தும் ஐந்து நிமிடத்தில் விடவில்லையா, 108-ஐக் கூப்பிடுங்கள். மீன் வண்டியை நம்பாதீர்கள், எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம்.

மச்சான் இன்னும் ஒரு இசிஜி எடுக்கவில்லை. "எனக்கென்ன மாப்ள" என்கிறார். நேற்றும் பாலத்துக்குத்தான் போனார். நான் மண்டபத்துப் பக்க முனையில், டீக்கடை பெஞ்சில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் திரும்பி வரும்வரை.