பொருள் வந்து சேரவில்லை என்று வாங்கியவர் முறையிட்டால், இணையத்தில் விற்பவர் என்ன செய்ய வேண்டும்?

பணம் செலுத்தியவர், பொருள் தம் கைக்கு வரவில்லை என்று விற்பவரிடமோ தம் வங்கியிடமோ முறையிடுவதே இத்தகைய தகராறு. விசா அட்டைகளில், தகராறின் காரணத்தைக் குறிக்க இதற்கு 13.1 என்ற தனி எண்ணே உண்டு. நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் விற்பவர் மீதே விழுகிறது, ஏனெனில் கூரியர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துப் பொருளை ஒப்படைத்தவர் அவர்தான். வாங்கியவரோ, வராத ஒன்றுக்குச் சான்று காட்ட இயலாது. கடனைத் திருப்பித் தந்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், ரசீதை அவரிடம்தானே கேட்கிறோம்?

ஆகவே முறையீடு வந்தவுடன் கண்காணிப்பு எண்ணின் நிலையையும் முகவரியையும் சரிபார்த்து, அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்குமா என்று வாங்கியவரிடம் கனிவாகக் கேளுங்கள். அவர் உண்மையே சொல்கிறார் என்று எண்ணித் தொடங்குவதே நல்லது. கூரியரிடம் விசாரணை கோருங்கள். வங்கி வழியாகத் தகராறு வந்துவிட்டால், கெடு முடிவதற்குள் ஒப்படைத்த நாள், முகவரி, பெற்றவரின் கையொப்பம் ஆகியவற்றை அனுப்பியாக வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் தனியாகவும் பணத்தைத் திருப்பித் தந்தால், வங்கியும் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரே தொகையை இருமுறை இழக்க நேரிடலாம். விலை உயர்ந்த பொருளுக்குக் கையொப்பம் பெறும் சேவையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுங்கள்.

கூரியர் அலுவலகம் தந்த ரசீதே போதும் எனப் பலர் கருதுகின்றனர். அது பொருள் புறப்பட்டதை மட்டுமே காட்டும், போய்ச் சேர்ந்ததைக் காட்டாது.